கஃபார் பாய், கடை விளக்கை அணையுங்கள்!

தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் சரோஜினி அம்மா அவர்களே! முழங்கால் வலியை மறந்து முன்வரிசை பிடித்த மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா என்று இன்னும் யோசிக்கும் அன்னையர்களே! பல்லாவரத்துப் பெருமக்களே! வணக்கம்.

முதலில் ஒரு கேள்வி. விடை எனக்குத் தெரியாது. விலங்கியல் கற்பித்தும் தெரியாது. பவளப்பாறை மீனின் குஞ்சு, பொரித்ததும் அலையோடு போய்விடுகிறது. கண்ணாடித் துணுக்கு போன்ற உடல். வளர்ந்தபின் ஒரு பாறையைத் தேடி வந்து சேர்கிறது. எப்படி? வாசனை என்கிறார்கள், ஓசை என்கிறார்கள். நாமோ ரயில் தூக்கத்தில் பல்லாவரத்தைத் தவறவிட்டுத் தாம்பரத்தில் விழிக்கிறோம்! ஸ்ரீரங்கன் சார், யாரையும் குறிப்பிடவில்லை.

பின்வரிசையில் இருக்கும் அப்துல் கஃபார் பாயும் சாஜிதாவும் வண்ணமீன் கடை வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு ஜோடி கோமாளி மீன் முட்டையிட்டிருக்கிறது. சிறியது ஓயாமல் துடுப்பால் விசிறுகிறது. பெரியது உலா வருகிறது. நேற்று நான் கடைக்குப் போயிருந்தபோது சாஜிதா கணவரிடம் சொன்னார்: "தாயின்னா இன்னான்னு பாருங்க! பெருசு உங்களாட்டம் சுத்திகினு கீது."

"விசிறுறதுதான் அப்பா, சாஜிதா. சுத்துறது அம்மா" என்றேன்.

பாய் துள்ளி எழுந்தார். "அப்டி போடுங்க மேடம்!"

"அம்மா செத்துப்போனா, இந்த அப்பாவே அம்மாவா மாறிடும் பாய்."

பாய் உட்கார்ந்துவிட்டார்.

சிரியுங்கள், ஆனால் கேளுங்கள். முன்பு இட்ட முட்டைகள் எல்லாம் வீண். இந்த முறையும் பொரிக்காவிட்டால், நாளை காலை ஜோடியைப் பொழிச்சலூர் மீன் வியாபாரி எத்திராஜிடம் விற்றுவிடுவதாகப் பாய் வாக்களித்துவிட்டார். சாஜிதாவுக்கோ அந்த ஜோடி உயிர். குற்றவாளி யார்? பாசம்! பிள்ளை பெற்ற அறையில் விளக்கணைக்கக் கூடாது என்று தொட்டிக்கு மேலே விடிய விடிய ட்யூப்லைட்!

பவளப்பாறையில் பகல் என்பது என்ன? பசித்த வாய்களின் படை! அதனால் குஞ்சு முட்டைக்குள்ளேயே காத்திருக்கிறது. கண் மின்ன, இதயம் துடிக்க, வால் சுருட்டிக் காத்திருக்கிறது. எதற்கு? இருளுக்கு! இருளே வராத கடையில் அது எப்போது வெளியே வரும்? என்ன ஐயா, கரெண்ட் போனால் சரியாகிவிடுமா? பாய் இன்வெர்ட்டர் வாங்கி வைத்திருக்கிறார்!

"இருட்டுல புள்ளைங்க பயப்படாதா மேடம்?" என்கிறார் பாய். பயப்படாது. பொரிக்கும் என்று சத்தியம் செய்யவும் மாட்டேன். எனக்கு அந்தப் பழக்கமில்லை. ஆனால் அன்பென்றால் வெளிச்சம் போடுவது மட்டுமா? பார்க்க வேண்டும் என்ற ஆசையை அடக்குவது அன்பில்லையா? இருட்டைக் கொடுப்பது அன்பில்லையா? ஓர் இரவு, ஒரே ஓர் இரவு, விளக்கை அணையுங்கள் பாய்!

கடிகாரத்தைப் பார்த்தும் கையசைக்காத தலைவருக்கும், கலையாமல் கேட்ட உங்களுக்கும் நன்றி. நலமாக வீடு சேருங்கள்.

அச்சுக்குக் கொடுக்கையில் சேர்த்தது: மறுநாள் காலை கடைக்குப் போனேன். தண்ணீரில் தூசி போலக் குஞ்சுகள். சில அடியில் இறந்து கிடந்தன; மற்றவை நீந்தின. எத்திராஜ் பக்கெட்டோடு வந்தார்.

"இன்னா பாய், கடையே இருட்டா கீது? என் ஜோடி எங்க?"

"மெதுவா பேசு சார். புள்ள பெத்த வூடு. விக்கிறதுக்கில்ல."

சாஜிதா அவர் கையிலிருந்த பக்கெட்டை வாங்கிக்கொண்டார். "குஞ்சுங்கள மாத்த எடம் பத்தலண்ணா. இது இங்கயே இருக்கட்டும்."

எத்திராஜ் வெறுங்கையோடு பஸ் ஏறினார்.