நீச்சல் தொட்டிக்கு வெயில் தகடு

பூரணி: ...ஊரெல்லாம் வெக்கை வந்தால் கடலுக்கை போய் விழுகிறது. திருகோணமலையிலை தண்ணியைச் சுட வைக்கிறதுக்கெண்டு கூரையிலை ஏறி நிக்கிற மனிசன் இவர் ஒருத்தர்தான், ஜெஸீமா.

ஜெஸீமா: மெதுவாச் சொல்லுங்க அக்கா. அண்ணனுக்குக் கேக்கும்.

பூரணி: கேக்கட்டும். இஞ்சாருங்கோ, மழை வழுக்கலுக்கை அங்கை என்ன செய்யிறியள்?

குலசிங்கம்: தகட்டைத் துடைக்கிறன். ஊத்தை பிடிச்சால் வெயில் உள்ளுக்கை இறங்காது. நீர் பேசாமல் இரும்.

பூரணி: பாத்தியே... காலம் முழுக்கக் கப்பல் திருத்துற டொக்யாட்டிலை குழாய் பூட்டினவர். பென்சன் எடுத்தும் விடுறாரில்லை. வெள்ளைக்கார நேவித் துரை கட்டிப்போட்டுப் போன தொட்டி இது. நான் இதுக்கை மிளகாய் காயப்போட்டுக்கொண்டு நிம்மதியா இருந்தனான்.

ஜெஸீமா: எங்கட வீட்டு மிளகாயும் இதுக்குள்ளதானே காஞ்சது. இப்ப எங்க போட?

பூரணி: அவரைக் கேள். இளஞ்சூட்டுத் தண்ணியிலை காலை ஆட்டச் சொல்லி டொக்டர் சொன்னவர். ஒரு வாளி காணும். இவர் முழுத் தொட்டியையும்...

ஜெஸீமா: வாளிக்குள்ள நடக்க ஏலுமா அக்கா? முதல்ல கால் பழகட்டும், பிறகு இதுக்குள்ளயே பிடிச்சு நடக்க வைப்பன் எண்டு சொல்றார். தகரத்துல கறுப்புக் குழாய், மேல கண்ணாடி, அதுக்குள்ள ஓடுற தண்ணி வெயில்ல சுடுமாம்... எங்கட வாப்பாக்கிட்டச் சொன்னன். மனிசன் விழுந்து விழுந்து சிரிச்சார்.

பூரணி: சிரிக்காமல்... ஜெஸீமா, கிட்ட வா. பக்கத்து வீடெண்டு நீயும் நாள் தவறாமல் வந்து என்னைத் தூக்கிறாய். உன்னட்டை ஒளிக்க மனம் வரேல்லை. அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதை.

ஜெஸீமா: ...என்ன அக்கா?

பூரணி: இந்தக் காலிலை எனக்கு ஒண்டும் தெரியிறேல்லை. பாரிசவாதம் வந்த அண்டையிலை இருந்து மரக்கட்டைதான். தண்ணி சூடோ குளிரோ... ஒரு நாளும் தெரியேல்லை. குனிஞ்சு கையை வைச்சுப் பாக்கவும் ஏலாது.

ஜெஸீமா: அப்ப ஒவ்வொரு நாளும் 'நல்ல இளஞ்சூடு' எண்டு சொன்னது...

பூரணி: அவரின்ரை முகத்துக்காகச் சொன்னது. கையெல்லாம் பெயின்ற், முதுகெல்லாம் வெயில் சுட்ட தழும்பு... 'சூடு எப்பிடியப்பா' எண்டு வந்து கேக்கிறார். ஒண்டும் தெரியேல்லை எண்டு எந்த வாயாலை சொல்லுறது? உள்ளுக்கை எனக்குப் பயம், ஜெஸீமா. இனி வராதோ எண்டு பயம்... நீ ஏன் அழுகிறாய்?

ஜெஸீமா: ஒண்டுமில்ல அக்கா. வாங்க, காலத் தண்ணிக்குள்ள இறக்குவம். கதிரையப் பிடிச்சுக்கொள்ளுங்க.

குலசிங்கம்: இறக்கியாச்சோ? நானும் வாறன்.

பூரணி: ஏணியிலை பாத்து இறங்குங்கோ. அண்டைக்கும் இப்பிடித்தான் வழுக்கி... ஆ... எடு. ஐயோ, காலை எடு.

ஜெஸீமா: என்ன, நோகுதா?

பூரணி: ஐஸ் மாதிரிக் கிடக்குது. இஞ்சாருங்கோ, இண்டைக்கு நல்லா வெயில் எறிச்சதுதானே. குழாயைத் திறக்க மறந்துபோனியளே?

குலசிங்கம்: ...என்ன சொன்னீர்?

பூரணி: காது கேக்காதே? குளிருது எண்டன். விறைக்குது.

குலசிங்கம்: எந்தக் கால்?

பூரணி: இந்தக்...

ஜெஸீமா: அக்கா...

பூரணி: ...இந்தக் கால்தான். இஞ்சை, பெருவிரலடியிலை... ஏனப்பா ஏணியடியிலை குந்தியிட்டியள்? ஏன் அழுகிறியள்? போய்க் குழாயைத் திறவுங்கோவன்.

குலசிங்கம்: எந்தக் குழாயைத் திறக்கிறது, பூரணி? மழை துவங்கின அண்டைக்கே தேங்காய் விழுந்து கண்ணாடியும் குழாயும் உடைஞ்சுபோச்சு. அண்டைக்கும் இதே பச்சைத் தண்ணிதான். நீர் 'நல்ல இளஞ்சூடு' எண்டீர்... எனக்கு விளங்கியிட்டுது. ஜெஸீமாவையும் வாய் திறக்க வேண்டாம் எண்டனான். பிறகு நாள்நாளா மேலை ஏறி உடைஞ்ச தகட்டைத் துடைச்சுப்போட்டு வந்து, 'சூடு எப்பிடி' எண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான்... எண்டைக்காவது ஒரு நாள் நீர் என்னை இப்பிடி ஏசுவீர் எண்டு.