அடுத்த வீட்டுச் சட்டை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. ஒரு போன் பேச்சையே கதையாகச் சொல்கிறேன். பேசுகிறவள் தன் அண்ணனோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் மண்ணில் வாழும் கிருமிகளை ஆராய்கிறவள். மறுமுனையில் அவள் அண்ணி. அந்தக் குரலை நீங்கள்தான் மனத்தால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஹலோ... அண்ணி, நான்தான்... ஆமா, ஆமா, ரிசல்ட் வந்துடுச்சு... பக்கத்துலதான் இருக்காரு. போனை வாங்க மாட்டேங்கிறாரு. அதான் நான் பண்ணேன்... உக்காந்துக்கிட்டுக் கேளுங்க...

நம்ம தோட்டத்து மண்ணுல கிடைச்ச அந்தக் கிருமி புது இனம் இல்ல அண்ணி.

இல்ல... முழு ஜீனோமையும், அதான் அதோட எல்லா ஜீனையும், ஏற்கெனவே பேரு வச்ச ஒரு பழைய கிருமியோட வரிவரியா ஒத்துப் பார்த்தாச்சு. ரெண்டும் ஒண்ணுதான்... ஆமா, வேறன்னுதான் சொன்னாரு. அப்போ ஒரே ஒரு ஜீனைத்தானே பார்த்தாரு. அது மட்டும் இன்னொரு கிருமிகிட்டேருந்து வாங்கினது. மண்ணுக்குள்ள இதுங்க அப்படித்தான், கொடுத்து வாங்கிக்கும்...

எப்படிச் சொல்றது... நம்ம சிட்டு ஒரு நாள் அடுத்த வீட்டுப் பையன் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நின்னாளே, பெத்த நீங்களே 'யாருப்பா நீ'ன்னு கேட்டீங்களே... ம்... அதேதான். அண்ணனும் சட்டையைப் பார்த்து ஏமாந்துட்டாரு... சிரிக்கிறீங்களா, அழறீங்களா?... சரி சரி. ரெண்டும்தான்.

தெரியும் அண்ணி. அவ நம்மளை விட்டுப் போனதுலேருந்து பின்கதவையே திறக்காதவங்க நீங்க. அவ தோண்டி விளையாடின குழியிலேருந்து மண்ணெடுக்க மட்டும் விட்டீங்க. பொண்ணு பேரு புஸ்தகத்துல நிக்கும்னு அவரு சொன்னதை நம்பித்தானே... புது இனம்னாதான் அண்ணி பேரு வைக்க முடியும்... சேச்சே, மாத்தியெல்லாம் எழுதக்கூடாது. சிட்டு பேருல பொய்யா?... ம். நீங்களும் ஒத்துக்க மாட்டீங்க.

கிருமி வச்ச கண்ணாடிக் குழாயா? ஃப்ரீசர்ல இருக்கு. மேல அண்ணன் கையெழுத்துல 'சிட்டு'. அதை யாரும் அழிக்க மாட்டாங்க... உயிரோடதான் இருக்கு அண்ணி, உறைஞ்சு தூங்குது...

என்ன?... பழைய கிருமியா? அது சாதாரணமானது. எந்தத் தோட்டத்து மண்ணைத் தோண்டினாலும் கிடைக்கும். மழை பெஞ்சதும் ஒரு வாசனை வருதே, அது இதுங்க குடுக்கிறதுதான்... ஆமா... நம்ம வீட்டுலயும்தான்... எல்லா இடத்துலயும்...

ஹலோ?... அண்ணி?... இருக்கீங்களா?... அது என்ன சத்தம், கதவா?...

ம்... ம்... சரி. சொல்றேன்.

அண்ணா, இந்தா, போனைப் பிடி. திட்டல, பயப்படாதே. மழை வர்ற மாதிரி இருக்காம். பின்கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறாங்களாம். உன்னைச் சீக்கிரம் வரச் சொல்றாங்க.

அவ்வளவுதான் கண்ணுங்களா. உங்கள் வீட்டுக்குள் மண் ஒட்டிய சின்னக் கால்கள் என்றும் ஓடி வரட்டும்.