டில்லிபாபு போட்ட இரண்டு நாற்காலிகள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும், துறைமுகத் தொழிலாளர்களின் மூத்த தோழர், அண்ணன் சவரிநாதன் அவர்களே! பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் தாய் பட்டம்மாள் அவர்களே! வியாசர்பாடியிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கும் எங்கள் கணினிக் குழுவின் உறுப்பினர்களே! இத்தனை காலம் பெயரை மட்டும் திரையில் பார்த்துவிட்டு, இன்றுதான் முகத்தைப் பார்க்கிற நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் வண்ணாரப்பேட்டையில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் கலீலுல்லாவின் சலாம், வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. கோபம் வரும். இன்றைக்கு அதை வைத்துத்தான் ஒப்பேற்றப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் கட்டியிருக்கும் பேனரில் ஒரு ஓட்டை இருக்கிறதே, பார்த்தீர்களா? நான் பிளேடால் அறுத்த ஓட்டை அது. 'இயற்கை எய்திய டில்லிபாபு' என்று அச்சடித்துக் கொண்டுவந்தான் கடைக்காரன். இயற்கையா? மண்டையில் இறங்கிய இரும்புக் கம்பி எந்த ஊரில் ஐயா இயற்கை? டில்லிபாபு சாகவில்லை. டில்லிபாபுவை அடித்துக் கொன்றார்கள். என் கண் முன்னால், என் கடைக்குள்ளே, என் ஷட்டரை இழுக்கிற கம்பியால் கொன்றார்கள். இதை இந்த மேடையில் யாராவது மென்று விழுங்கிப் பேசினால், எழுந்து மைக்கைப் பிடுங்குவேன்.

யார் இந்த டில்லிபாபு? ராயபுரத்தில் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ்களில் கெட்டுப்போகும் கம்ப்யூட்டர்களைத் தோளில் தூக்கிப்போய்ச் சரிசெய்து கொடுத்துப் பிழைத்தவன். 'வடசென்னைக் கணினிக் குழு' என்று இணையத்தில் ஒரு மின்னஞ்சல் குழுவைத் தொடங்கியவன். கம்ப்யூட்டரில் என்ன தொல்லை என்றாலும், யார் வேண்டுமானாலும், அவரவர் வாயில் வருகிற தமிழிலேயே கேட்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தவன். அந்தக் குழுவின் நெறியாளர். நெறியாளர் என்றால் சம்பளம் இல்லாத வேலை. சண்டை வந்தால் நடுவில் போய் நிற்கிற வேலை. எங்கள் நெறியாளர் டில்லிபாபு கடைசிவரை நடுவில்தான் நின்றான்!

சண்டை என்றால் எதற்கு? வார்த்தைக்கு. சிரிக்காதீர்கள். ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்டிஸ்க் போட்டால் ஒன்றை எஜமான் என்றும் இன்னொன்றை அடிமை என்றும் சொல்வது இந்தத் தொழிலின் வழக்கம். தமிழில் எழுதும்போது நம் ஆட்களும் அப்படியே எழுதினார்கள். டில்லி கேட்டான், "இன்னாத்துக்குயா அடிமை? ரெண்டும் ஒரே கரண்டத்தான தின்னுது? மொதலாவது, ரெண்டாவதுன்னு எழுதிட்டுப் போயேன்." அவ்வளவுதான் கேட்டான். குழுவே தீப்பிடித்துக்கொண்டது. 'தொழில்நுட்பத்தில் அரசியலைக் கலக்காதே' என்று ஒரு கூட்டம். 'இப்படி எழுதுகிறவனை எல்லாம் குழுவைவிட்டுத் துரத்து' என்று இன்னொரு கூட்டம். ஹார்டிஸ்க்குக்காக 'உன் கையை ஒடிப்பேன்' என்று எழுதியவனும் இங்கே உட்கார்ந்திருக்கிறான். தலை குனியாதே தம்பி, நீ பிறகு வந்து அவனோடு பிரியாணி சாப்பிட்டாய்.

அப்புறம் ஹார்டிஸ்க் போய், ஆளைப் பார்த்து அடிக்கிற வார்த்தைகள் வந்தன. சாதியைச் சொல்லி, மதத்தைச் சொல்லி, பேட்டையைச் சொல்லி. நம் ஜுபைர் ஒரு நிரல் எழுதினான், கெட்ட வார்த்தை வந்தால் மடலைத் தானாகவே நிறுத்திவிடும் என்று. என்ன ஆயிற்று? வியாசர்பாடியிலிருந்து ஷாலு என்கிற பெண் எழுதினாள்: "ஹார்டிஸ்க் கலீஜாயிட்ச்சி, ஓப்பன் பண்ணா பேஜார் பண்ணுது, இன்னா பண்லாம் அண்ணாத்த?" அழுக்கு என்று சொல்கிற கலீஜ், கெட்ட வார்த்தையாம்! அவள் மடலை நிறுத்திவிட்டது அந்த நிரல். நம் வீட்டில் விடிந்து எழுந்தால் பேசுகிற பேச்சு ஐயா அது! டில்லி அந்த மடலைத் தன் கையாலேயே அனுப்பி வைத்தான். அதற்குப் பதிலாக மாத்தூர் சுப்பராயன் எழுதினான், சுத்தமான தமிழில்: 'உங்கள் குலத்தொழிலுக்குக் கணினி தேவையில்லை, துடைப்பமே போதும்.' இதில் எந்த வார்த்தை கெட்ட வார்த்தை? ஒன்றுமில்லை! நிரல் சலாம் போட்டு உள்ளே விட்டது. ஜுபைர் என் கடைக்கு வந்து, தான் எழுதியதைத் தானே அழித்துவிட்டு, கீபோர்டைத் தரையில் அடித்து உடைத்தான்.

துரத்தவும் வேண்டாம், மெஷினை வைத்து வடிகட்டவும் வேண்டாம் என்றான் டில்லி. அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என் கடையில் குழு கூடும்போது, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை முட்டிக்கு முட்டி இடிக்கிற மாதிரி எதிரெதிரே போடுவான். ஒன்றில் எழுதியவன். இன்னொன்றில், யாரைப் பார்த்து எழுதினானோ அவர். எழுதியதை எழுதியபடியே முகத்துக்கு நேராக வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சட்டம். முடியவில்லையா, எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள், டீ குடி, வேலையைப் பார்.

மணலியில் வேலை பார்க்கும் ஒரு எஞ்சினியர், 'பாகிஸ்தானுக்குப் போய் புரோகிராம் எழுது' என்று நம் பக்ருதீனுக்கு எழுதியிருந்தார். வந்தார், உட்கார்ந்தார், பக்ருதீனைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். "பாய், கொஞ்சம் தண்ணி" என்றார். பக்ருதீனே எழுந்துபோய்க் கொண்டுவந்து கொடுத்தான். இன்றைக்கு அவர்கள் இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாமே இப்படித் தண்ணீரில் முடிந்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். மவுஸ் ஒயரைக் கழுத்தில் போட்டு இறுக்கியவன் உண்டு. டில்லியின் உதடு கிழிந்து நான் பஞ்சு வைத்து அமுக்கியது உண்டு. "இன்னா மாமு, மூஞ்சில தான அட்ச்சான்? முதுகுல அடிக்கல பாரு, தேறிடுவான்" என்பான். அவனை என்ன செய்வது, சொல்லுங்கள்!

ஆனால் ஒன்றை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஒருவன் வந்து உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல், முகத்துக்கு நேராகச் சொல்லியே விட்டால்? மனிதப் பிறவிக்கு அது வராது என்று நம்பிவிட்டோம். டில்லி நம்பினான், நானும் நம்பினேன்.

சுப்பராயன் வந்தான். கூட நாலு பேர். ஷாலு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவன் அந்த வாக்கியத்தைச் சொன்னான். சத்தமாக, சிரித்துக்கொண்டே. ஷாலு, "இன்னொரு தபா சொல்லு" என்றாள். இன்னொரு முறையும் சொன்னான். அவள் அறைந்தாள். நன்றாகவே அறைந்தாள். அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்து மானிட்டரில் மோதினான். கண்ணாடி சிதறியது. கூட வந்தவர்கள் மேசைகளைக் கவிழ்த்தார்கள். அவர்களில் ஒருவனின் கழுத்தை நான் பிடித்திருந்தேன், விடவே இல்லை. அதற்குள் சுப்பராயன் கையில் ஷட்டர் கம்பி. ஷாலுவின் தலைக்கு ஓங்கினான். டில்லி அவளைக் கட்டிப்பிடித்துத் திரும்பிக்கொண்டான். முதல் அடி பின்மண்டையில். விழுந்தவனை இன்னொரு அடி. இன்னொன்று. கீபோர்டின் எழுத்துகளுக்கு நடுவில் ரத்தம் இறங்கி உறைந்துவிட்டது. நான் எத்தனை துடைத்தும் போகவில்லை. பெரியாஸ்பத்திரியில் கண்ணைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தான் என் தோஸ்து.

இப்போது குழுவில் என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? 'ஒரு வார்த்தைக்காக உயிரை விடலாமா?' அட மடையர்களா! அவன் வார்த்தைக்காகவா உயிரை விட்டான்? ஒரு பெண்ணின் மண்டையில் இறங்க வேண்டிய கம்பியைத் தன் தலையில் வாங்கினான்! 'ஷாலு கையை நீட்டாமல் இருந்திருந்தால்' என்று இன்னொருவன். ஷாலு இதோ தலையில் தையலோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்துச் சொல்லுங்களேன் பார்ப்போம்! சுப்பராயன் இப்போது ஜெயிலில் இருக்கிறான். அது போதாதென்று, இன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் மாத்தூருக்குப் போய் அவன் வீட்டைக் கொளுத்த சில தம்பிகள் பெட்ரோல் வாங்கி வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? தூங்கப் போனால் அவன் விரல்களை ஒவ்வொன்றாக உடைக்கிறேன், தினமும் உடைக்கிறேன். ஆனால் அந்த வீட்டில்...

(கூட்டத்தின் பின்பகுதியில் கூச்சல். நாற்காலிகள் உருளும் சத்தம்.)

என்ன அங்கே? உட்காருங்கள்! அந்த நாற்காலியைக் கீழே வை. கீழே வை என்கிறேன்!

கடைசி வரிசையில் மாலையோடு நிற்கும் அந்த அம்மா யார் என்று எனக்குத் தெரியும். சுப்பராயனின் அக்கா, நீலா. மாத்தூரிலிருந்து பஸ் ஏறித் தனியாக வந்திருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை. அவர் உள்ளே நுழைந்தபோதே பார்த்தேன். அதே மூக்கு, அதே நெற்றி. ஆனால் இப்போது கத்தியது யார்? செங்குட்டுவனா? டில்லியின் கூடப்பிறந்த தம்பியா? அந்த அம்மாவின் சாதியையும் நடத்தையையும் சேர்த்து ஒரு வார்த்தை கத்தினாயே! அதைக் கேட்டு நாலு பேர் கைதட்டினீர்களே! யாருக்கு நடக்கிற கூட்டம் இது? யார் படத்துக்கு முன்னால் கைதட்டினீர்கள்?

செங்குட்டுவா, முன்னால் வா. அண்ணன் சவரிநாதன், மேடையிலிருந்து இரண்டு நாற்காலியை இறக்கிக் கொடுங்கள். நீலா அம்மா, உங்களுக்குக் கட்டாயம் இல்லை. போக வேண்டுமென்றால் நானே பஸ் ஏற்றிவிடுகிறேன். வருகிறீர்களா? வழி விடுங்கள். ஒருவர் கையும் அவர் மேல் படக்கூடாது.

(இருவரும் எதிரெதிரே அமர்கிறார்கள்.)

சொல்லு தம்பி. கத்தினதை அப்படியே சொல். இந்தச் சட்டம் சுப்பராயனுக்கு மட்டும் போட்டதல்ல. உன் அண்ணன் யாருக்கும் சலுகை கொடுத்ததில்லை. உனக்கு நான் கொடுத்தால் அவனை நானும் ஒரு தடவை அடித்த மாதிரி.

(நீலா: "சொல்லுப்பா. திட்டு வாங்கத்தான் வந்துகீறேன். எந் தம்பி செஞ்சதுக்கு வேற இன்னா கெடைக்கும் எனக்கு?")

பேசு தம்பி. மைக்கைப் பிடி.

(செங்குட்டுவன்: "ஒந் தம்பிய வெட்டணும் எனுக்கு. ஜெயில்லருந்து வந்தான்னா வெட்டுவேன். இத்த ஒன் மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுது. அந்த வார்த்த வரலக்கா. வரமாட்டேங்குது.")

கேட்டீர்களா? கைதட்டியவர்கள் கேட்டீர்களா? வெட்டுவேன் என்கிறான், அதை நானும் அண்ணன் சவரிநாதனும் இவனை உட்காரவைத்துப் பேசிக்கொள்கிறோம். எத்தனை நாள் ஆனாலும் பேசுவோம். எங்கள் தாய்க்கு மிச்சமிருக்கிற ஒரே பிள்ளையையும் தூக்குமேடைக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அண்ணனைப் புதைத்த ஈரம் காயாமல் இருக்கும்போதும், ரத்தம் கொதிக்கும்போதும், அந்த வார்த்தை இவன் வாயில் வரவில்லை. டில்லி, நீ நம்பினது முழுசாகப் பொய் இல்லையடா!

அதனால் இந்த மேடையில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என் கடை திறக்கும். உடைந்த மானிட்டரை மாற்றியாயிற்று. குழு நடக்கும், நாற்காலி போடுவோம். நெறியாளர் பொறுப்பை இனி ஷாலு பார்ப்பாள். நேற்றே கேட்டேன். "நா பாத்துக்கறேன் பாய், கலீஜ்னு எழுதறவன எவனும் கேள்வி கேக்கக்கூடாது" என்றாள். கேட்கமாட்டோம். அவளை யாராவது நெருங்கினால், நடுவில் நிற்க டில்லி ஒருவன்தான் என்று நினைக்க வேண்டாம். இங்கே இருக்கிற எல்லோரும் நிற்போம். நிற்பீர்களா? சத்தமாகச் சொல்லுங்கள்!

நீலா அம்மா, உங்களிடமும் முகத்துக்கு நேராக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தம்பிக்கு எதிராக நான்தான் முதல் சாட்சி. கோர்ட்டில் ஒரு சொல்லைக்கூட விடமாட்டேன். அவன் வெளியே வரக்கூடாது என்றுதான் தினமும் தொழுகையில் கேட்கிறேன். அது வேறு. மாத்தூருக்கு இன்றைக்கு நீங்கள் தனியாகப் போக வேண்டாம், நான் கூட வருகிறேன். பெட்ரோல் வாங்கினவர்கள் அந்த வீட்டு வாசலில் முதலில் என்னைத்தான் கொளுத்த வேண்டியிருக்கும்.

இந்த அம்மாவிடம் வேறு யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா? செங்குட்டுவன் எழுந்துவிட்டான், நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. வாருங்கள். யாரும் இல்லையா?

பட்டம்மாள் அம்மா, நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளை. அவன் படத்துக்கு இவர் மாலை போட விடலாமா?

தலையாட்டிவிட்டார். வாருங்கள் நீலா அம்மா. மாலையைப் போடுங்கள்.