நடக்காத கச்சேரிக்கு வந்த பத்தொன்பது கடிதங்கள்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, நான் எதைச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும் மதிப்பிற்குரிய வேதியியல் பேராசிரியர் அவர்களே, முன்வரிசையை நிறைத்து அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, பிள்ளைகளைப் படிக்க அனுப்பியதோடு நில்லாமல் அவர்கள் எழுதியதையும் படிக்க வந்திருக்கும் பொறுமை மிக்க தாய்மார்களே, மாணவர் இதழின் இன்றைய ஆசிரியர் குழுவினரே, அந்த இதழைப் படித்தவர்களே, படித்ததாகச் சொன்னவர்களே, நாற்காலி காலியாக இருந்தும் வழக்கம்போலக் கடைசிக் கதவோரம் நின்றுகொண்டிருக்கும் என் நண்பரே, எனக்குப் பிறகு பாட இருப்பதால் இந்தக் கிழவன் எப்போது முடிப்பான் என்று காத்திருக்கும் அம்மையார் அவர்களே, உங்கள் அனைவருக்கும் அன்பில் தோய்ந்த வணக்கம்.

நம் மாணவர் இதழுக்கு இன்று நாற்பது வயது. எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘வாசகர் கடிதங்களின் மாண்பு’. மாண்பு என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் இருமல் வந்தது. ஏனென்றால் இருபது ஆண்டுகள் அந்தக் கடிதப் பெட்டியைத் திறந்து மூடியவன் நான். நூலக வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் திறப்பேன். கடிதங்களை அச்சிட இதழில் இடம் கிடையாது. ஆகவே வந்ததை வந்தபடி, எழுதியவர் கையெழுத்திலேயே, பக்கத்துப் பலகையில் குண்டூசியால் குத்திவைப்பேன். கல்லூரியே நின்று படிக்கும்.

எதற்குக் கடிதம் வரும் என்று நினைக்கிறீர்கள்? விடுதிக் குழாயில் ஒன்பது நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று முதல் பக்கத்தில் எழுதினோம். ஒரு கடிதம் வரவில்லை. நூலகக் கூரை எந்த நேரமும் விழலாம் என்று எழுதினோம். ஒருவரும் பேனாவைத் திறக்கவில்லை. ஆனால் இசையைப் பற்றி நாலு வரி எழுதிப் பாருங்கள். பெட்டி நிறையும், பலகை நிறையும், குண்டூசி தீர்ந்துபோகும். தண்ணீர் வராததைப் பற்றி யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இசையைப் பற்றி யாருக்கும் ஒத்த கருத்து இல்லை. அதுதான் காரணம்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. சரியாகச் சொன்னால், நடக்காதது.

நம் இதழ் வெள்ளிக்கிழமை நண்பகல் அச்சகத்துக்குப் போகும். திங்கட்கிழமை காலை கைக்கு வரும். கல்லூரியின் ஆண்டு இசை நிகழ்ச்சியோ வெள்ளி மாலை ஆறு மணிக்கு. கேட்டுவிட்டு விமர்சனம் எழுதினால் அது பத்து நாள் கழித்து, ஆறிப்போன தேநீர் மாதிரி வரும். ஆகவே தமிழ்ப் பேராசிரியராகவும் இதழின் ஆலோசகராகவும் இருந்த நான் ஓர் அருமையான வழக்கத்தை உண்டாக்கினேன். வியாழக்கிழமை ஒத்திகையைக் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை கச்சேரியைக் கேட்டது போல எழுதிவிடுவது. அது பொய்யா? நான் அதை முன்னேற்பாடு என்று அழைத்தேன். படித்தவனுக்கு இதுதான் வசதி. ஒவ்வொரு தவறுக்கும் ஒரு நல்ல பெயர் தெரிந்திருக்கும்.

அந்த ஆண்டு விமர்சனம் எழுதியவன் ‘தாளம்’. உட்கார்ந்த இடத்திலெல்லாம் விரலால் தட்டிக்கொண்டே இருப்பான் என்பதால் அந்தப் பெயர். என்ன அங்கே சத்தம்? இப்போதும் தட்டுகிறானா? தட்டட்டும், மூன்றாவது வரிசையில் தாடியோடு இருப்பவன் அவன்தான்.

ஒத்திகையில் கணக்குத் துறை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி பாடினாள். முதல் முறை மேடை. ஒரு பக்கம் தச்சர்கள் மேடைப் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளுக்காகக் குரலைச் சேமித்து மெல்லப் பாடினாள். தாளம் எழுதினான்: “குரலில் இனிமை உண்டு. ஆனால் அந்த இனிமை மூன்றாவது வரிசையைத் தாண்டி வரவில்லை.” நல்ல வாக்கியம். நானே அடிக்கோடிட்டுப் பாராட்டினேன். நல்ல வாக்கியம் கிடைத்துவிட்டால், அது உண்மையா என்று கேட்க யாருக்கு மனம் வரும்?

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மழை பிடித்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டேன். தாளம் வெளியூரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை இதழ் வந்தது. செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்தேன். பத்தொன்பது கடிதங்கள். இதழின் வரலாற்றிலேயே அதிகம். நெஞ்சு நிமிர, ஒவ்வொன்றாக என் கையாலேயே பலகையில் குத்தினேன்.

என்ன எழுதியிருந்தார்கள்? “விமர்சகர் சொன்னது சரி, நான் மூன்றாவது வரிசையில்தான் இருந்தேன், பாதிதான் கேட்டது” என்றது ஒரு கடிதம். “இரண்டாவது வரிசையிலேயே கேட்கவில்லை” என்றது அடுத்தது. “ஒலிபெருக்கியின் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை” என்றது மூன்றாவது. விடுதிக் காப்பாளர், கைதட்டல் ஓசையால் தம் தூக்கம் கெட்டதாகக் கண்டித்திருந்தார். டிரம்ஸ் வாசித்தவன், தன் வாசிப்பைப் பாராட்டியதற்கு நன்றி தெரிவித்து, இரண்டாம் பாட்டில் இன்னும் நன்றாக வாசித்ததைக் குறிப்பிட மறந்ததற்கு வருத்தமும் தெரிவித்திருந்தான். அப்போது இளம் விரிவுரையாளராக இருந்த ஒரு வேதியியல் அறிஞர் எழுதினார்: “நான் முதல் வரிசை. எனக்கும் ஒன்றும் காதில் விழவில்லை.” தலைவர் அவர்கள் சிரிக்கிறார்கள். அதை நான் அனுமதியாக எடுத்துக்கொள்கிறேன்.

பலகைக்கு முன்னால் கூட்டம். கூட்டத்தின் பின்னால் ஒருவர் கையில் துடைப்பத்தோடு எட்டி எட்டிப் படித்துக்கொண்டிருந்தார். மண்டபத்தின் சாவி அவரிடம்தான் இருக்கும். நாங்கள் சாவிக்காரர் என்போம். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார்.

“சார், ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க.”

“வெள்ளிக்கிழமை இவ்ளோ பேரும் எந்த வழியா உள்ள வந்தாங்க? சாவி என் இடுப்புலதானே இருந்துச்சு.”

“என்ன சொல்றீங்க?”

“மேடை மேல கூரை ஒழுகுதுன்னு நாலு மணிக்கே நிகழ்ச்சிய நிறுத்திட்டாங்க சார். வெளிய பலகையில சாக்பீஸ்ல எழுதி வெச்சேன். மழையில அழிஞ்சு போச்சு. அழிஞ்சதப் பாக்கக்கூடக் கச்சேரி கேக்கறவங்க ஒருத்தரும் வரல.”

அன்பர்களே, அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. நேரே வேதியியல் துறைக்குப் போனேன். “வெள்ளிக்கிழமை கச்சேரிக்குப் போனீங்களா?” என்றேன். “போகாம இருப்பேனா சார், முதல் வரிசை” என்றார். “கச்சேரி நடக்கவே இல்லையாம்” என்றேன். அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “அதான் கேக்கல போல இருக்கு.”

கைதட்டுங்கள், தட்டுங்கள். இத்தனை ஆண்டும் இதைச் சொல்ல அவர் எனக்குத் தடை போட்டிருந்தார்.

ஏன் எழுதினார்கள்? கெட்டவர்களா? இல்லை. மழைக்கு ஒதுங்கி வீட்டில் இருந்தவர்கள். கல்லூரியே போயிருக்கும், தான் மட்டும் போகவில்லை என்று ஒவ்வொருவரும் வெட்கப்பட்டார்கள். அந்த வெட்கத்துக்கு ஆளுக்கொரு நாற்காலி போட்டுக்கொண்டார்கள். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், மறுநாள் வரை.

நிகழ்ச்சியை மூன்று வாரம் தள்ளி வைத்திருந்தார்கள். இசை மன்ற அறையில் பாடுவோர் பட்டியல் ஒட்டியிருந்தது. கணக்குத் துறைப் பெண்ணின் பெயரை யாரோ அடித்திருந்தார்கள். யாரோ அல்ல, அவளே. தாளத்தைக் கூட்டிக்கொண்டு கணக்குத் துறை நடைவழிக்குப் போனேன்.

“பாடும்மா. அந்தக் கச்சேரி நடக்கவே இல்லையே” என்றேன்.

“எனக்குத் தெரியாதா சார்? நான் மழையில நனைஞ்சு வந்துட்டுப் போனவ.”

தாளம் தலையைக் குனிந்துகொண்டு, “நான் எழுதினது தப்புங்க. அன்னைக்கு ஆணி அடிக்கிற சத்தம் இருந்துச்சு. அதை எழுதாம விட்டுட்டேன்” என்றான்.

“நீங்க ஒருத்தர் எழுதினா பரவாயில்லண்ணா. பத்தொன்பது பேர் சொல்றாங்களே. எங்க அம்மா யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, ‘ஏண்டி, பாடினத என்கிட்ட மறைச்சிட்டே? நல்லா பாடலன்னா அம்மாகிட்ட சொல்லக் கூடாதா’ன்னு அழறாங்க. நடக்கலம்மான்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. கேக்காமலே இவ்ளோ பேருக்குத் தோணுதுன்னா, என் குரல் அப்படித்தான் இருக்கும் போல.”

பார்த்தீர்களா தாய்மார்களே? பெற்றவளையே நம்பவைத்த பொய். பாடியவளையே சந்தேகப்படவைத்த பொய். அந்தப் பொய்யைப் பலகையில் குத்தியது எந்தக் கை?

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அந்தப் பத்தொன்பதுல ஒண்ணு…” என்று ஆரம்பித்தேன்.

“நீங்க எழுதினது சார். ‘ஒரு ரசிகன்’னு கையெழுத்து போட்டிருந்தீங்க. என் கட்டுரை நோட்டு ஓரத்துல ரெண்டு வருஷமா அந்த எழுத்தத்தானே பாக்கறேன்.”

ஆம், அன்பர்களே. பெட்டியில் கடிதம் குறைந்தால் அவமானமாயிருக்குமே என்று, வாரம் ஒன்று நானே எழுதிப் போடுவேன். அந்த வாரத்துக் கடிதத்தை வெள்ளிக்கிழமை நண்பகலிலேயே எழுதிவிட்டேன். மழை வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பு. “அந்தப் பெண்ணின் குரல் எனக்கு எட்டவில்லை” என்று. மன்னித்துக்கொள் என்றேன். அவள் புன்னகைத்தாள். பெயரை மட்டும் திரும்ப எழுதவில்லை.

அன்று மாலை சாவிக்காரரிடம் போய்ப் புலம்பினேன். அவர் வாளியைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அந்தப் பொண்ணா? நல்லாப் பாடுமே சார்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வெள்ளிக்கிழமை பாடுச்சே. மழை விடட்டும்னு உக்காந்திருந்துச்சு. ‘பாடத்தானேம்மா வந்த, பாடிட்டுப் போ, நான் தரையத் துடைச்சுக்கிட்டே கேக்கறேன்’னேன். ஒரு பாட்டு முழுசா பாடுச்சு.”

“இதை ஏன் நீங்க எழுதிப் போடல?”

“நான் எதுக்கு சார் எழுதணும்? வாசகர்தானே எழுதணும். நான் அந்தப் பேப்பர வெச்சு சன்னல் கண்ணாடி துடைக்கிறவன்.”

கேட்காத பத்தொன்பது பேர் எழுதினார்கள். கேட்ட ஒருவர் எழுதவில்லை. எழுதியவர்களிடம் பட்டம் இருந்தது, பதவி இருந்தது, பழுதில்லாத வாக்கியம் இருந்தது. அவரிடம் காது மட்டும்தான் இருந்தது. அந்தக் காதுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுக்க நமக்குத் தோன்றியதா?

அன்றுதான் கொடுத்தேன். அவர் நின்றபடியே எழுதினார். மறுநாள் பத்தொன்பதையும் எடுத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் பலகையில் குத்தினேன். “வெள்ளிக்கிழமை நான் கேட்டேன். கடைசிக் கதவு வரை கேட்டது. சாவிக்காரர்.”

அந்தப் பெண் வந்து படித்தாள். நான் நூலகத்தின் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேரே அவரிடம் போனாள்.

“அண்ணே, பாட்டு நடுவுல நீங்க வாளிய எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டீங்களே. பிடிக்காம போறீங்கன்னு நெனச்சேன்.”

“தண்ணி கொட்டப் போனேம்மா. படியில நின்னுட்டேன். அங்கயும் கேட்டுச்சு.”

“அந்த மழைச் சத்தத்துலயா?”

“அந்த மழைச் சத்தத்துலதான்.”

அவள் இசை மன்ற அறைக்குப் போய், அடித்த பெயருக்கு மேலேயே திரும்பவும் எழுதினாள். முன்பைவிடப் பெரிதாக.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை. வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. முதல் முறை ‘கேட்டவர்கள்’ பத்தொன்பது பேரும் வந்திருந்தார்கள். அவளுடைய அம்மாவும் வந்து முன்னால் அமர்ந்திருந்தார். தாளம் கையில் குறிப்பேடு இல்லாமல் வந்தான். அவள் பாடினாள். எப்படிப் பாடினாள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தொழிலை அன்றோடு விட்டுவிட்டேன். அவள் பாடி முடிக்கும்வரை தாளம் விரலால் தட்டவே இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்தேன். எத்தனை கடிதம் இருந்திருக்கும்? சொல்லுங்கள். இருபதா? முப்பதா?

ஒன்றுகூட இல்லை. ‘ஒரு ரசிகன்’கூட எழுதவில்லை.

அன்று அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நடக்காத கச்சேரிக்குப் பத்தொன்பது, நடந்த கச்சேரிக்குப் பூஜ்யமா என்று அந்தக் காலிப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன். இருபத்திரண்டு ஆண்டுகள் யோசித்த பிறகு, இன்று இந்த மேடையில் சொல்கிறேன். எனக்கு வந்த வாசகர் கடிதங்களிலேயே மாண்பு மிக்கது அந்தக் காலிப் பெட்டிதான். அன்று எல்லோரும் உண்மையாகவே வந்திருந்தார்கள். ஆகவே வந்ததாகச் சொல்ல வேண்டிய அவசியம் ஒருவருக்கும் இருக்கவில்லை.

வாய்ப்பளித்த ஆசிரியர் குழுவுக்கு நன்றி. கைக்குட்டையை நனைத்துக்கொண்டும் பெருந்தன்மையோடு அமர்ந்திருந்த தலைவர் அவர்களுக்கு இரட்டிப்பு நன்றி. கதவோரம் நிற்கும் சாவிக்கார நண்பருக்கு என் தனி வணக்கம். தயவுசெய்து அங்கேயே நில்லுங்கள், அந்த இடம்வரை கேட்கிறதா என்று சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்லை. அடுத்து, தம் பெயரை அன்று முன்பைவிடப் பெரிதாக எழுதிய அம்மையார் பாட இருக்கிறார்கள். அதோ முன்வரிசையில் ஒருவர் பேனாவைத் திறந்துவிட்டார். ஐயா, சற்று மூடி வையுங்கள். அவர்கள் இன்னும் பாடவில்லை.

வணக்கம்.