மாடித் தோட்டத்துப் பரங்கிக்காய்

கேரட்டை நாற்று விட்டுப் பிடுங்கி நடக் கூடாது, சார். விதை விழுந்த இடத்திலேயே வளர வேண்டும். இடம் மாற்றினால் வேர் கோணிக்கொள்ளும். மாடித் தோட்டம் போடுகிற பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை.

காணிப்பாக்கம் ரோட்டில், மாந்தோப்புக்கு நடுவில் இருக்கிற ஒற்றை வீடு எங்களுடையது. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அப்பா அம்மா போன பிறகு நானும் என் தங்கை ஷோபாவும்தான். அவள் சமைப்பாள், நான் சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்வேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாற்பது தாண்டிய பிறகு அவளுக்கு ஒரு வரன் வந்தது. சாம்ராஜ் என்று பெயர், மனைவியை இழந்தவர், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். நல்ல மனிதர். அதுதான் தொந்தரவு, தட்டிக்கழிக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அவள் துணிமணிகளை எடுத்து வைத்த அன்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அந்த வீட்டில் தனியாக விளக்கைப் போட்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். டிரங்குப் பெட்டியை எடுக்க அவள் மாடி அறைக்குப் போனாள். நான் படிக்கட்டின் இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டினேன். கொஞ்ச நேரம் யோசிக்கட்டும் என்றுதான்.

"அண்ணா, வெளையாடாத. கதவ தொறந்து வுடு."

"யோசிச்சிக்கினு இரு, பாப்பா. டீ போட்டு எடுத்தாறேன்."

டீ எடுத்துக்கொண்டும் போனேன். அதன் பிறகு கதவைத் திறக்க ஒரு நல்ல சமயம் வாய்க்கவில்லை. மாடியில் கட்டில், பாத்ரூம் எல்லாம் உண்டு. அவளுடைய போன் மட்டும் கீழே இருந்துவிட்டது. அவள் மனம் மாறிவிட்டாள், திருப்பதியில் ஹாஸ்டல் வார்டனாகப் போய்விட்டாள் என்று சாம்ராஜிடமும் எங்கள் சபைப் பாஸ்டரிடமும் சொன்னேன். மாங்காய் பறிக்க ஆள் வருகிற நாட்களில் அவளை அறைக்குள் விட்டு, வெளியே பாட்டைச் சத்தமாக வைப்பேன். கீர்த்தனைகள்தான், வேறொன்றும் இல்லை.

பொழுது போக வேண்டுமே என்று மொட்டைமாடி முழுக்கப் பச்சை வலை கட்டினேன். பைகளில் மண் நிரப்பி முள்ளங்கி, நூல்கோல், கேரட், பரங்கி விதைத்துக் கொடுத்தேன். முதல் குளிர்காலம் அவள் தொடவே இல்லை. இந்தக் குளிருக்கு அவளாகவே ஒரு பரங்கிக் கொடியைப் பார்த்துக்கொண்டாள். பிஞ்சுக்கு அடியில் வைக்கோல் பரப்பினாள்.

"பொரட்டி கிரட்டி பாக்காதண்ணா, காம்பு ஒடிஞ்சிரும்," என்றாள்.

ரொம்ப நாள் கழித்து அவள் அண்ணா என்றாள். அன்றிலிருந்து அந்தக் கொடிக்குத் தினமும் நானே தண்ணீர் ஊற்றினேன்.

அறுப்பின் பண்டிகைக்கு விளைந்ததைச் சபையில் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது எங்கள் வழக்கம். அவளே காயை அறுத்து, வைக்கோலோடு கூடையில் வைத்துக் கொடுத்தாள். அதைவிடப் பெரிய காய் அன்று சபையில் இல்லை. சாம்ராஜும் வந்திருந்தார். எங்கள் வீட்டுக் காய் என்றதும், போட்டிக்கு வந்தவர்களை விடாமல் ஏற்றிக் கேட்டு எடுத்தார். இரண்டு கையாலும் தூக்கியவர் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

பிஞ்சாக இருக்கும்போதே ஹேர்பின்னால் கீறியிருக்கிறாள். காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் தழும்பேறிப் பெருத்திருந்தது. 'மாடியில் பூட்டி வெச்சிருக்கார். ஷோபா.' பின் பெஞ்சில் இருந்தவர்களும் படித்தார்கள்.

ஆமாம் சார், பூட்டியது நான்தான். சாவி என் சட்டைப்பையில் இருந்தது, நீங்கள் கேட்டதும் கொடுத்துவிட்டேன். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கதவைத் திறந்ததும் அவள் என்னைத் தாண்டி இறங்கிப் போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபமாக இருக்காது. இத்தனை நாள் வலைக்குள்ளேயே இருந்த கண், வெயிலுக்குக் கூசியிருக்கும்.