பதினாறு பக்கமும் அம்மா

– அடையாளத்த முழுசா சொல்லும்மா. பாதி சொன்னா நான் மைக்ல என்னத்தப் பேசறது?

– அதான் சொன்னேனேண்ணே. பேரு வேதா. பச்சப் பாவாட, மஞ்ச ரிப்பன்.

– பச்சப் பாவாடையில ஆயிரம் பொண்ணுங்க சுத்துது. தீபத்துக்கு வந்த கூட்டம்மா இது. வயசு?

– ஏழு. எழுபத்தொண்ணு தையில பொறந்தா. வலது புருவத்துல தழும்பு இருக்கும்.

– ஊரு?

– கலசபாக்கம். என் பேரு கஸ்தூரி. தேரடியில கைய உட்டுட்டாண்ணே. கற்பூரம் வாங்கத் திரும்புனேன். ஒரு நொடிதான்.

– அழுவாத. இந்த சகாதேவன் மைக் செட்டு கட்டுனதுலேர்ந்து இந்த ஊருல ஒரு புள்ள தொலஞ்சதில்ல. முன்னல்லாம் தமுக்கடிச்சுத் தேடுவாங்க. இப்ப ஊரச் சுத்திக் கம்பத்துக்குக் கம்பம் பதினாறு கொழாய் ஸ்பீக்கர். இங்க தும்முனா கோயிலுக்கு அந்தப் பக்கம் பே கோபுரத்துல கேக்கும்.

– அதாண்ணே பயமா இருக்கு.

– என்ன பயம்?

– ஒண்ணுமில்ல.

– எதையோ முழுங்கற நீ. பாரும்மா, இன்னும் ஒரு மணி நேரத்துல மலைல தீபம். அப்புறம் சனம் மொத்தமும் கெளம்பும், நெல்லிக்கா மூட்டைய அவுத்தாப்பல. அதுல எங்கன்னு தேடுவ?

– அவளுக்குப் பேச்சு வராதுண்ணே.

– பொறவியிலயா?

– ஆமா. காது நல்லா கேக்கும்.

– இத மொதல்லயே சொல்றதில்ல?

– மைக்ல சொன்னா ஊருக்கே தெரிஞ்சிருமே. தூக்கினு போறவனுக்கு வேற என்ன வேணும்? கத்தமாட்டா. பேரு, ஊரு சொல்லமாட்டா.

– சொல்லலன்னா நல்லவனுக்கும் தெரியாதே. பேரு என்னன்னு கேப்பான். முழிக்கும். உட்டுட்டுப் போயிருவான்.

– என்னால யோசிக்க முடியலண்ணே. சொல்லுங்க. எல்லாத்தயும் சொல்லிடுங்க.

– ஹலோ, ஹலோ. பக்தகோடிகள் கவனிக்கவும். வேதா என்ற ஏழு வயதுச் சிறுமியைக் காணவில்லை. பச்சைப் பாவாடை, மஞ்சள் ரிப்பன். வலது புருவத்தில் தழும்பு. பேச்சு வராது. தாயார் கலசபாக்கம் கஸ்தூரி மைக் செட் அருகே காத்திருக்கிறார்.

– நானும் பேசட்டுமா? என் கொரல் கேட்டா வருவா.

– இந்தா. வாயாண்ட வச்சுப் பேசு.

– வேதா! அம்மாடி! அம்மா இங்கதான் இருக்கேன். வா கண்ணு!

– போதும், போதும். மைக்கு கீச்சுன்னு கத்துது.

– அண்ணே, என் கொரலு எல்லாப் பக்கமும் கேக்குதே. அவ எந்தப் பக்கம்னு வருவா?

– அத நான் நெனைக்கலம்மா.

– அவ வரமாட்டாண்ணே. நின்ன எடத்துலயே சுத்திச் சுத்தி நிப்பா.

– இரு. உக்காரு. யாராச்சும் பாத்துக் கூட்டியாருவாங்க.

– அர மணி ஆச்சுண்ணே.

– இன்னொரு தரம் சொல்றேன். ஹலோ, ஹலோ...

– மைக்க நிறுத்து சகாதேவா. அந்தப் பேசாத புள்ள கெடச்சாச்சு.

– எல்லம்மாக்கா! பாத்தியாம்மா, நான் சொன்னேன்ல? ஏக்கா, உன் தண்ணிப் பந்தலாண்டயா இருந்துச்சு?

– அங்கதான். கொழாய்ல அம்மா கொரலு வந்துச்சா, அந்தக் கம்பத்தக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. அண்ணாந்து அண்ணாந்து பாக்குது. ஏறப் பாக்குது.

– அவ எங்க?

– கம்பத்த உடவே மாட்டேன்னு ஒரே அழுக. நாந்தான் வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தேன்.

– கூட்டியாரலியாக்கா?

– நான் எதுக்குப்பா கூட்டியாரணும்? அவங்க அம்மாவே மைக்காண்டேர்ந்து ஓடியாந்துச்சு. பேரு, ஊரு, புருவத்துத் தழும்பு, எல்லாத்தயும் பிசகாம சொல்லுச்சு. ரெண்டு பேரயும் போளூர் பஸ்ஸுல ஏத்திவுட்டுத்தான் வரேன். நீ ஏன் அழுவற? நீ யாரும்மா?