கழுத்தில் பெல்ட்

மார்ச் 12, செவ்வாய். வழக்கம்போல் வேலை முடிந்து பஸ்ஸில் நீர்வேலிக்குத் திரும்பினேன். முன் சீற்றில் இருந்தவர் கழுத்தில் ஒரு கறுப்பு ரப்பர் பெல்ட்டைப் போட்டிருந்தார்.

“என்னண்ணை, மாலையோ?” என்றார் நடத்துநர்.

“கார் எஞ்சின் பெல்ட் தம்பி. முதல் வாங்கினதை மடியிலை வைச்சிருந்து, பஸ்ஸிலை மறந்து இறங்கிப்போட்டன். மனுசி இன்னும் பேசிறா.”

“கராச்சிலை மெக்கானிக்கிட்டைக் குடுத்துப் பூட்டலாமே?”

“அவவே பூட்டுவாவாம். பழசு ஓடின பாதையைச் சுவரிலை கரியாலை கீறி வைச்சிருக்கிறா. விடிய மகளையும் பிள்ளையையும் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியாலை கூட்டி வரவேணும்.”

“பிழையாய்ப் பூட்டினால்?”

“ஓட்டோதான். ஆனா பேரப்பிள்ளை முதல் ஏறுறது எங்கடை காராய் இருக்கவேணும் எண்டு நிக்கிறா.”

மறுநாள் காலை முதல் வேலையாகப் பால் வாங்கச் சந்திக்குப் போனேன். பழைய வெள்ளைக் கார் ஒன்று யாழ்ப்பாணப் பக்கமாகப் போனது. ஓட்டியவர் ஒரு பெண்மணி. பின் சீற்றில் பஸ்ஸில் பார்த்த அவர், மடி நிறையக் குழந்தைத் துணிகளோடு.